டர்போ காருக்குப் பெட்ரோல் போதுமா? டேங்க்கிலிருந்து இஞ்செக்டர் வரை, புதியவர்களுக்கான வழிகாட்டி

டர்போ காரில் முதன்முதலாகக் கை வைக்கிறவர்களுக்குப் பூஸ்ட்டை, அதாவது டர்போ காற்றைத் தள்ளுகிற அழுத்தத்தை, கொஞ்சம் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் முதலில் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் டர்போ கூடுதலாகத் தள்ளுகிற காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோல் வராவிட்டால் கலவை ‘லீன்’ ஆகிவிடும். எரியறையின் சூடு எகிறும். பிளக்கின் பொறியிலிருந்து சீராகப் பரவ வேண்டிய தீ, அதற்கு முன்பே ஒரு மூலையில் தானாகப் பற்றி வெடிக்கும். இதைத்தான் ‘நாக்’ என்கிறார்கள். முழு பூஸ்ட்டில் இது சில வினாடிகள் நீடித்தாலே போதும், பிஸ்டனில் வளையங்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய விளிம்பு உடைந்துவிடும். ஆகவே முதலில் பெட்ரோல், அப்புறம்தான் பூஸ்ட். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு எஞ்சினை எடுத்துக்கொள்கிறேன். நிஸான் சில்வியா எஸ்13, 180எஸ்எக்ஸ் கார்களில் வந்த எஸ்ஆர்20டிஇடி. 2 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ. மலேசியாவில் ஜப்பான் ஹாஃப்-கட் (எஞ்சினோடு பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய கார்) கடைகளின் புண்ணியத்தில் இந்த எஞ்சினைத் தெரியாத போமன் (மெக்கானிக்) கிடையாது. செஃபிரோ ஏ31-இல் இதை ஏற்றி ட்ரிஃப்ட் ஓட்டுகிறவர்களும் உண்டு. புதிதாகக் கற்றுக்கொள்ள இது நல்ல எஞ்சின். டேங்க்குக்குள் பம்ப், வழியில் ஃபில்டர், எஞ்சின் மேல் பெட்ரோலைப் பங்கிடும் குழாயான ஃபியூவல் ரெயில், அதில் பெட்ரோலைப் பீய்ச்சும் நான்கு இஞ்செக்டர், கடைசியில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், மிச்ச பெட்ரோல் டேங்க்குக்குத் திரும்பிப் போக ஒரு குழாய். எல்லாமே கைக்கு எட்டும்.

உங்கள் கார் ஃபோக்ஸ்வேகன் டிஎஸ்ஐ போல சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் வகை என்றால் இந்தக் கட்டுரையை அப்படியே பின்பற்றாதீர்கள். அங்கே கேம்ஷாஃப்ட் ஓட்டுகிற உயர் அழுத்தப் பம்ப் ஒன்று தனியாக இருக்கும். அழுத்தம் 100 பாரையும் தாண்டும். அந்தக் குழாயைத் தெரியாமல் கழற்றினால் பீய்ச்சும் பெட்ரோல் உடம்பைத் துளைத்துக் காயப்படுத்தும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் எஞ்சின் மாற்றத்துக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் 2019-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இன்னும் கறாரானவை. அங்கே இதையெல்லாம் ஓடுதளத்துக்கென்று ஒதுக்கிய காரில் செய்வதுதான் சரி. காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

முதலில் அளந்து பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் காரின் இப்போதைய நிலை தெரிய வேண்டும். மூன்று கருவிகள் தேவை: ரெயிலுக்கு முன்னால் பொருத்தும் பெட்ரோல் அழுத்த கேஜ், ஒரு மல்டிமீட்டர், புகையை வைத்துக் காற்று-பெட்ரோல் கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார். மூன்றில் வைட்பேண்ட்தான் விலை கூடியது. அது இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காரில் ஏற்கனவே இருக்கும் சாதாரண ஆக்சிஜன் சென்சார் பூஸ்ட்டில் கலவை எப்படி இருக்கிறது என்பதைச் சரியாகச் சொல்லாது.

ரெகுலேட்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸைக் கழற்றி, ஹோஸின் வாயை அடைத்துவிட்டு ஐட்லிங்கில் ஓட விடுங்கள். கேஜ் சுமார் 3 பார் காட்ட வேண்டும். இதுதான் அடிப்படை அழுத்தம். ஹோஸைத் திரும்ப மாட்டினால் 2.4, 2.5 பாருக்கு இறங்கும். இனி பூஸ்ட் ஏறும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். பூஸ்ட் எவ்வளவு ஏறுகிறதோ அதே அளவு ரெயில் அழுத்தமும் ஏற வேண்டும். 1 பார் பூஸ்ட்டில் 4 பார் காட்ட வேண்டும். அங்கே 3.5 காட்டினால் டேங்க் பக்கமிருந்து வரத்து போதவில்லை என்று பொருள்.

பெட்ரோல் ஓடுகிற கேஜ் குழாயை எக்காரணம் கொண்டும் காருக்குள் இழுத்து வராதீர்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்க வேண்டுமென்றால் எலக்ட்ரிக் சென்சார் வைத்த கேஜ் வாங்குங்கள்.

அடுத்தது இஞ்செக்டரின் ‘டியூட்டி’. அதாவது கிடைக்கிற நேரத்தில் எத்தனை சதவீதம் இஞ்செக்டர் திறந்திருக்கிறது என்பது. 6000 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுழற்சிக்கு எஞ்சினுக்குக் கிடைப்பதே 20 மில்லி வினாடிதான். அதில் 17 மில்லி வினாடி இஞ்செக்டர் திறந்தே இருந்தால் டியூட்டி 85 சதவீதம். அதற்கு மேல் போனால் இஞ்செக்டர் முழுதாக மூடித் திறக்க நேரம் இருக்காது. அளவு தாறுமாறாகும். ஆகவே 85-ஐ எல்லையாக வைத்துக்கொள்வது வழக்கம்.

கணக்கு

பெட்ரோலில் ஓடும் டர்போ எஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6.5 சிசி பெட்ரோல் வேண்டும். கொஞ்சம் தாராளமான கணக்குதான், பாதுகாப்புக்காக அப்படியே வைத்துக்கொள்வோம். இலக்கு 300 குதிரைத்திறன் என்றால் 300 × 6.5 = 1950 சிசி. நான்கு இஞ்செக்டருக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 487. அதை 0.85-ஆல் வகுத்தால் 573. ஒவ்வொரு இஞ்செக்டருக்கும் வேண்டிய அளவு இது.

எஸ்13-இல் கம்பெனியிலிருந்து வரும் இஞ்செக்டர் 370 சிசி. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் அது நிம்மதியாகத் தாங்குவது 200-க்குச் சற்றுக் கீழே. அதாவது கம்பெனி கொடுத்த 205 பிஎஸ்ஸிலேயே பெரிய மிச்சம் எதுவும் இல்லை. ‘கொஞ்சமாகப் பூஸ்ட் ஏற்றுகிறேன், இஞ்செக்டர் அப்படியே இருக்கட்டும்’ என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 300-க்கு 550 சிசி சற்றுக் குறைவு, விளிம்பில் நிற்கும். நான் 740-தான் வாங்கச் சொல்வேன். ஆனால் ‘பெரிசு நல்லது’ என்று 1000-க்குத் தாவ வேண்டாம். நல்ல தயாரிப்பாக இல்லாவிட்டால் ஐட்லிங்கில் அவ்வளவு பெரிய இஞ்செக்டரைச் சீராக ஓட வைப்பது சிரமம்.

பம்ப்பின் கணக்கு இதிலிருந்தே வந்துவிடும். நிமிடத்துக்கு 1950 சிசி என்றால் மணிக்கு 117 லிட்டர். 20 சதவீதம் சேர்த்தால் 140. சந்தையில் ‘255 லிட்டர் பம்ப்’ என்று கிடைப்பது ஏராளம் போலத் தோன்றும். ஆனால் அந்த 255 என்பது ஏறக்குறைய 2.75 பார் அழுத்தத்திலும் 13.5 வோல்ட்டிலும் சொன்ன கணக்கு. அழுத்தம் கூடக் கூட எந்தப் பம்ப்பும் தள்ளுகிற அளவு குறையும். எனவே 4, 4.5 பாரில் எவ்வளவு தள்ளுகிறது என்று தயாரிப்பாளரின் வரைபடத்தைப் பார்த்து வாங்குங்கள். 300 குதிரைத்திறனுக்கு அசல் 255 தாராளமாகப் போதும். அசல் என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வால்ப்ரோ பெயரில் போலிகள் நிறையச் சுற்றுகின்றன. விலை பாதியாக இருந்தால் வாங்காதீர்கள்.

வேலையைத் தொடங்கும் முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய்ப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே பட்டறைக் குழிக்கு மேல் காரை நிறுத்தி இந்த வேலையைச் செய்யக் கூடாது. திறந்த வெளியில், நிழலில் செய்யுங்கள். டேங்க்கில் கால்வாசிக்கும் குறைவாகப் பெட்ரோல் இருக்கட்டும். தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில், காரின் பின் பெட்டிக்குள் அல்ல, வெளியே இருக்கட்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்.

குழாயில் தங்கிய அழுத்தத்தை இறக்க, எஞ்சின் ஓடும்போது பம்ப் ஃபியூஸைப் பிடுங்குங்கள். தானாக அணைந்துவிடும். இரண்டு மூன்று முறை ஸ்டார்ட்டரைச் சுற்றிவிட்டு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். அதன் பிறகும் ஹோஸைக் கழற்றும்போது கொஞ்சம் பெட்ரோல் வரும். துணியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பம்ப்பும் அதன் வயரும்

பம்ப், வயர், ஃபில்டர் மூன்றையும் முதலில் மாற்றி, பழைய இஞ்செக்டரோடு சில நாள் ஓட்டுங்கள். ரெகுலேட்டர் அழுத்தத்தை 3 பாரிலேயே பிடித்து வைப்பதால் டியூனிங் எதுவும், அதாவது எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியுவில் கணக்கைத் திருத்துவது, தேவைப்படாது. ஏதாவது கோளாறு வந்தால் எங்கே என்று உடனே தெரிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, கார் இருமுகிறது என்று தேடுவது பெரிய அவஸ்தை.

எஸ்13-இல் பின் பெட்டிக் கம்பளத்தைத் தூக்கினால் ஒரு தகர மூடி இருக்கும். அதற்குக் கீழே பம்ப் தொங்கும் சட்டம். மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணை நன்றாகத் துடைத்து எடுங்கள். டேங்க்குக்குள் விழும் மணல் துகள் நேராகப் பம்ப்பின் வாய்க்குத்தான் போகும். பழைய பம்ப் எந்த உயரத்தில் நின்றது, அடியிலுள்ள வலைப்பை எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கைப்பேசியில் படம் எடுங்கள், ஆனால் சட்டத்தை வெளியே எடுத்து, திறந்த டேங்க்கிலிருந்து தள்ளிப் போன பிறகு. வலைப்பையைப் புதிதாகவே போடுங்கள். அது டேங்க்கின் அடியைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். உயரத்தில் நின்றால் நீண்ட வளைவில், செப்பாங் போன்ற ஓடுதளத்தில், பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை உறிஞ்சும்.

டேங்க்குக்குள் பம்ப்பையும் மேல் குழாயையும் இணைக்கிற அந்தச் சின்ன ஹோஸ் துண்டை யாரும் மதிப்பதில்லை. சாதாரண பெட்ரோல் ஹோஸ் உள்பக்கம் மட்டும்தான் பெட்ரோலைத் தாங்கும். டேங்க்குக்குள்ளோ வெளிப்பக்கமும் பெட்ரோலிலேயே ஊறிக்கிடக்கும். அதற்கென்றே எஸ்ஏஇ ஜே30ஆர்10 என்று அச்சிட்ட ஹோஸ் இருக்கிறது. அதைத்தான் போட வேண்டும். எனக்கு ஒரு கடையில் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று சொல்லிச் சாதாரண ஹோஸைக் கொடுத்தார்கள். நான்கு மாதத்தில் அது ஊதிப் பிளந்தது. பிளவு வழியாகப் பெட்ரோல் டேங்க்குக்குள்ளேயே திரும்பக் கொட்டியது. வெளியே ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை, வாசனை இல்லை, பூஸ்ட்டில் மட்டும் அழுத்தம் ஏறவில்லை. கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று.

இப்போது வயர். கெந்திங் மலை ஏற்றத்தில் 5500 ஆர்பிஎம்முக்கு மேல் போனால் என் காரின் அழுத்தம் சரிந்துகொண்டே இருந்தது. புதுப் பம்ப்தான் கெட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்கிப் போட்டேன். அதுவும் அப்படியே. கடைசியில் எனக்குத் தெரிந்த போமன் அண்ணன் ஒருவர் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். பேட்டரியில் 14.1 வோல்ட், பம்ப் கனெக்டரில் 11.4. “தம்பி, பம்ப்புல ஒண்ணும் இல்ல. அதுக்குச் சாப்பாடு போகல” என்றார். முப்பது வருடத்து மெல்லிய வயர், கறுத்துப்போன கனெக்டர், துருவேறிய எர்த். சில ரிங்கிட் வயரில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு இன்னொரு பம்ப்பின் விலை போயிற்று.

எனவே பம்ப் ஓடும்போது பேட்டரியிலும் பம்ப் கனெக்டரிலும் வோல்ட்டை அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் புது வயர் இழுங்கள். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் ஃபியூஸ். அங்கிருந்து 4 சதுர மில்லிமீட்டர் வயர் பின்னால் ஒரு ரிலே வரை, ரிலேயிலிருந்து பம்ப்புக்கு. எர்த் வயரும் அதே கனம், பெயிண்டைச் சுரண்டி வெறும் தகரத்தில் போல்ட்டு போட்டு முடுக்க வேண்டும். ரிலேயைத் தட்டி எழுப்பும் சிக்னலைப் பழைய பம்ப் வயரிலிருந்தே எடுங்கள். இதில் குறுக்கு வழி கூடாது. எஞ்சின் அணைந்தால் ஈசியு தானாகப் பம்ப்பை நிறுத்தும். விபத்தில் குழாய் அறுந்தால் உயிர் காப்பது அதுதான். நேராகச் சாவியிலிருந்து சிக்னல் எடுத்தால், எஞ்சின் நின்ற பிறகும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

மிட்சுபிஷி எவோ போன்ற சில கார்களில் குறைந்த வேகத்தில் பம்ப்பின் வோல்ட்டைக் குறைக்க ஒரு ரெசிஸ்டர் இருக்கும். அளக்கும்போது அதையும் கணக்கில் வையுங்கள்.

ஃபில்டர், ரெகுலேட்டர்

ஃபில்டர் விஷயத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. புதிய அசல் ஃபில்டர் போதும், அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்கட்டும். வெளியே உள்ள ஹோஸ்களுக்கு எஸ்ஏஇ ஜே30ஆர்9 வகையும், ஹோஸை அறுக்காத வழவழப்பான இஎஃப்ஐ கிளிப்பும் வாங்குங்கள்.

பெரிய பம்ப் போட்டபின் அடிப்படை அழுத்தத்தைத் திரும்ப அளந்து பாருங்கள். ஹோஸைக் கழற்றிய நிலையில் முன்பு 3 பார் இருந்தது இப்போது 3.4 என்று நின்றால், திரும்பி வரும் அவ்வளவு பெட்ரோலையும் பழைய ரெகுலேட்டரால் வெளியே விட முடியவில்லை. அப்போது மட்டும் திருகி மாற்றக்கூடிய ரெகுலேட்டர் வாங்கினால் போதும். 3-லேயே நின்றால் அந்தப் பணத்தை இஞ்செக்டருக்கு வையுங்கள்.

ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸ் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து தனியாக வர வேண்டும். வேறு எதற்கும் அதில் கிளை எடுக்காதீர்கள். இரு முனையிலும் கட்டு போடுங்கள். 1 பார் பூஸ்ட்டில் அந்த ஹோஸ் கழன்றால் ரெயில் 3 பாரிலேயே நிற்கும், இஞ்செக்டரின் நுனியில் எதிரே 1 பார் தள்ளும். மிஞ்சுவது 2 பார். பெட்ரோல் 18 சதவீதம் குறையும். முழு பூஸ்ட்டில் இவ்வளவு குறைந்தால் எஞ்சின் பிழைப்பது சந்தேகம்.

இஞ்செக்டர்

எஸ்13-இன் இஞ்செக்டர்கள் பக்கவாட்டில் பெட்ரோல் வாங்குபவை. மேலிருந்து வாங்குபவை அதில் நேராக உட்காராது, ரெயிலையே மாற்ற வேண்டும். வாங்கும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 12-லிருந்து 16 வரை இருந்தால் பெரும்பாலான ஈசியு நேராக ஓட்டும். 2, 3 ஓம் என்றால் நடுவே ரெசிஸ்டர் பெட்டி வேண்டும், இல்லாவிட்டால் ஈசியுவின் டிரைவர் கருகும். பழைய இஞ்செக்டர் வாங்குவதானால், நான்கையும் சோதனை மேசையில் ஓட்டி அளந்த சீட்டு இல்லாமல் வாங்க வேண்டாம். நான்கில் ஒன்று மட்டும் குறைவாகப் பீய்ச்சினால் வைட்பேண்ட் அதைக் காட்டாது. அது நான்கின் சராசரியைத்தான் சொல்லும்.

ஓ-ரிங் எல்லாமே புதிது. சுத்தமான எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு தடவி, முறுக்காமல் நேராக அழுத்துங்கள். கடினமாக இருந்தால் வெளியே எடுத்துப் பாருங்கள், ரிங் மடங்கியிருக்கும்.

எல்லாம் மாட்டியதும் எஞ்சினை உடனே கிளப்பாதீர்கள். சாவியை ஆன் மட்டும் செய்தால் சில வினாடி பம்ப் ஓடி நிற்கும். நான்கைந்து முறை அப்படிச் செய்துவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ தாளால் தொட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் கழற்றிச் சரி செய்யுங்கள், ‘ஓடினால் சரியாகிவிடும்’ என்பது இங்கே கிடையாது.

கிளப்புவதற்கு முன் ஈசியுவில் புதிய இஞ்செக்டரின் அளவு ஏறியிருக்க வேண்டும். 370 என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஈசியு, 740-ஐ அதே நேரம் திறந்தால் இரு மடங்கு பெட்ரோல் கொட்டும். பிளக் நனையும், சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலை பெட்ரோல் கழுவி இறக்கும், கீழே எஞ்சின் ஆயிலில் போய்க் கலக்கும். அளவோடு ‘லேட்டன்சி’ எண்களும் வேண்டும். மின்சாரம் வந்த பிறகு இஞ்செக்டர் திறக்க எடுத்துக்கொள்ளும் நேரம் அது. வோல்ட்டுக்கு ஏற்ப மாறும். இஞ்செக்டர் தயாரிப்பாளர் அட்டவணை கொடுப்பார். கொடுக்காதவரிடம் வாங்காதீர்கள்.

டியூனிங்கும் அதன் பிறகும்

டியூனிங்கைப் புதியவர் தனியாகச் செய்ய வேண்டாம். டைனோ (எஞ்சினின் சக்தியை அளக்கும் கருவி) வைத்திருக்கும் அனுபவசாலியிடம் போங்கள், ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். பூஸ்ட்டில் கலவை, அதாவது எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்பது, 11-க்கும் 11.8-க்கும் நடுவே இருக்கட்டும். ஐட்லிங்கிலும் மெதுவாக ஓட்டும்போதும் 14.7-ஐ ஒட்டி. அழுத்த கேஜ் பூஸ்ட்டோடு சேர்ந்து ஏறுகிறதா, டியூட்டி 85-க்குள் நிற்கிறதா என்று ஒவ்வொரு ஓட்டத்திலும் கேளுங்கள். எந்தப் பெட்ரோலில் டியூன் செய்தீர்களோ அதையே போடுங்கள். ரோன்97 (ஆக்டேன் எண் 97) பெட்ரோலுக்கு டியூன் செய்த காரில் அவசரத்துக்கு ரோன்95 அடித்தால் அந்த டேங்க் தீரும்வரை பூஸ்ட் பக்கம் போகாமல் ஓட்டுங்கள். எஸ்ஆர்20-இல் இன்னொன்று: பழைய காற்று அளவிக்கும் ஒரு எல்லை உண்டு. 300 குதிரைத்திறனை நெருங்கும் பலரும் நிஸான் 300இசட்எக்ஸ் காரின் அளவிக்கு மாறுவார்கள். டியூனரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

முதல் 500 கிலோமீட்டருக்குள் எஞ்சின் ஆயிலை மாற்றுங்கள், முதல் கிளப்பல்களில் கொஞ்சமாவது பெட்ரோல் கலந்திருக்கும். டேங்க் கால்வாசிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். பெரிய பம்ப் சூடான எஞ்சின் வழியாகப் பெட்ரோலைச் சுற்றிச் சுற்றி அனுப்புவதால், நம் வெயிலில் குறைந்த பெட்ரோல் சீக்கிரம் சூடேறும். சூடேறிய பெட்ரோலில் பம்ப் ஊளையிடத் தொடங்கும். ஒரு மாதம் கழித்துக் கிளிப்புகளையும் எர்த் போல்ட்டையும் திரும்ப முடுக்குங்கள். கனெக்டரில் வோல்ட்டை அளந்து முதல் நாள் குறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.

இதெல்லாம் முடிந்து, முழு பூஸ்ட்டில் அழுத்தம் அசையாமல் நிற்கிறது என்று உங்கள் கண்ணாலேயே பார்த்த பிறகு, பூஸ்ட் கன்ட்ரோலரைத் தொடலாம். ஒரு தடவைக்கு 0.1 பார்.